வேலை தொடங்கிய பிறகு வாங்கும் நோட்டு

ஜனவரி பிறந்ததும் எழுத விரும்புகிறவரின் மேசையில் சில பொருள்கள் வந்து சேர்கின்றன. தடித்த அட்டை போட்ட நோட்டு, மை ஒழுகாத பேனா, புத்தகக் காட்சியில் வாங்கிய ‘எழுதுவது எப்படி’ வகைப் புத்தகம். கணினியில் குறிப்பெடுக்க ஒரு மென்பொருள், கைப்பேசியில் நேரம் குறிக்க ஒரு செயலி. தள்ளிப்போடும் பழக்கத்தை ஒழிக்க வழி சொல்லும் காணொளிகளும் வரிசையாகச் சேமிக்கப்பட்டிருக்கும். இந்த ஆர்வத்தைக் கேலி செய்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எழுத வேண்டும் என்ற ஏக்கம் உள்ளே இல்லாதவர் நோட்டுக் கடையில் அரைமணி நேரம் நின்று தாளைத் தடவிப் பார்ப்பதில்லை. அந்த ஏக்கம் மெய்யானது. மெய்யான ஒன்று வழியிலேயே செலவாகிவிடுகிறதே என்பதுதான் என் கவலை. கருவிமேல் வைக்கும் காதல் எழுத்துக்குப் பின்னால் வந்தால் எழுத்தை வளர்க்கும், முன்னால் வந்தால் எழுத்தின் பசியை அதுவே ஆற்றிவிடும் என்பது என் வாதம்.

கறுப்பு அட்டையும் ரப்பர் பட்டையும் கொண்ட மோல்ஸ்கின் நோட்டின் கதை இதற்கு நல்ல சான்று. அத்தகைய நோட்டுகளைப் பயணங்களில் பயன்படுத்திய ஆங்கில எழுத்தாளர் புரூஸ் சாட்வின், 1987இல் வெளிவந்த தம் நூலில் அவற்றைப் பற்றி எழுதினார். பிரான்சின் தூர் நகரில் அவற்றைச் செய்துவந்தவர் 1986இல் இறந்துபோனதால் இனிக் கிடைக்காது என்று கடைக்காரர் சொன்னதையும் பதிவுசெய்தார். பத்தாண்டு கழித்து, 1997இல், மிலான் நகர நிறுவனம் ஒன்று அதே தோற்றத்தில் நோட்டு செய்து, சாட்வின் பயன்படுத்திய பெயரையே அதற்கு வைத்து, பெரிய எழுத்தாளர்களின் நினைவையும் சேர்த்து விற்கத் தொடங்கியது. தாளும் தையலும் நல்லவைதான். ஆனால் வாங்குகிறவர் விலை கொடுப்பது தாளுக்கு மட்டுமா? அதைக் கையில் எடுத்த கணத்தில் தாமும் அந்த வரிசையில் நிற்கிறோம் என்ற உணர்வுக்கும் சேர்த்துத்தான். அந்த உணர்வு எழுதுவதற்கு முன்பே கிடைத்துவிடுகிறது.

இதை உளவியலார் கவனித்திருக்கிறார்கள். விக்லண்ட், கோல்விட்சர் என்ற இருவர் 1982இல் ஒரு நூலில் இந்தக் கருத்தை வளர்த்தார்கள். இன்னாராக ஆக வேண்டும் என்று விரும்புகிற மனிதர், அப்படி ஆகிவிட்டதற்கான அடையாளங்களைத் தேடிச் சேர்க்கிறார். அடையாளம் கைக்கு வந்ததும் உழைக்கத் தூண்டிய குறை மனத்துக்குள் பாதி நிரம்பிவிடுகிறது. கோல்விட்சர் 2009இல் மற்ற ஆய்வாளர்களோடு வெளியிட்ட சோதனைகளில் சட்ட மாணவர்களும் இருந்தார்கள். நல்ல வழக்கறிஞராக உழைப்பேன் என்ற எண்ணத்தை எழுதிக் கொடுத்து, அதை மற்றொருவர் படித்து அங்கீகரித்தபின் வேலைக்கு உட்கார்ந்தவர்கள், அந்த அங்கீகாரம் கிடைக்காதவர்களைவிடக் குறைந்த நேரமே உழைத்தார்கள். ‘நாவல் எழுதப் போகிறேன்’ என்று பத்துப் பேரிடம் சொல்லிவிட்ட பிறகு நாவல் நகராமல் நிற்பது பலருக்கும் தெரிந்த துயரம். நோட்டும் அப்படிப்பட்ட ஓர் அறிவிப்புத்தான், நமக்கு நாமே செய்துகொள்வது.

மென்பொருளுக்கு வந்தால் இந்த ஆபத்து பெரிதாகிறது. நோட்டில் கோடு போட்டுப் பெயர் எழுதி முடித்தால் அலங்காரம் முடிந்தது. மென்பொருளில் அலங்காரத்துக்கு முடிவே இல்லை. ஸ்க்ரிவனரில் அத்தியாயங்களுக்குத் தனித்தனி அட்டை, பாத்திரங்களுக்கு ஒரு கோப்புறை. நோஷனில் அட்டவணை, அப்சிடியனில் குறிப்புக்குக் குறிப்பு இணைப்பு. ஒரு மாதம் முழுக்க இவற்றை அடுக்கிக்கொண்டிருந்தாலும் அதுவும் உழைப்புத்தான், மூளை களைக்கத்தான் செய்கிறது. இரவில் படுக்கும்போது ஒரு நல்ல நாள் கழிந்த நிறைவும் இருக்கிறது. ஒரு பத்தி மட்டும் இல்லை. இந்தக் குறிப்பு மென்பொருள்களைப் பரிந்துரைப்பவர்கள் தவறாமல் நிக்லாஸ் லூமான் என்ற ஜெர்மன் சமூகவியலாளரைச் சுட்டுகிறார்கள். ஏறத்தாழ 90,000 குறிப்புத் தாள்களை எண்ணிட்டு, ஒன்றோடொன்று தொடுத்து, மரப்பெட்டிகளில் வைத்திருந்தார் அவர். அந்தப் பெட்டிகளிலிருந்து ஏராளமான நூல்களும் கட்டுரைகளும் வந்தன. எல்லாம் உண்மை. ஆனால் அவர் தாள் சேர்க்கத் தொடங்கியது 1950களில், அரசு அலுவலராக இருந்துகொண்டே படித்த காலத்தில். முறையை முதலில் நிறுவிவிட்டுப் படிப்பைத் தொடங்கியவரல்ல. படித்தது பெருகப் பெருக முறையும் உடன் வளர்ந்தது. ஒருபக்கம் பயன்பட்டுப்போன தாள்கள்கூட அந்தப் பெட்டிகளில் உண்டு. நாற்பதாண்டு உழைப்பின் எலும்புக்கூட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இறக்கிக்கொள்ள முடியும் என்று நம்புவதுதான் பிழை.

அப்படியானால் எளிய கருவியே சிறந்தது, சாதாரணக் கோடு போட்ட நோட்டு போதும் என்று மறுபக்கம் சாய்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் கருவியை நம்புவதுதான், வேறு வேடத்தில். அமெரிக்க நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் டாஸ் கணினியில் வேர்ட்ஸ்டார் 4.0 என்ற மிகப் பழைய மென்பொருளில் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய பெருந்தொடரின் ஐந்தாம் நாவல் 2011இல் வந்தது, ஆறாவதற்கு வாசகர்கள் ஆண்டுக்கணக்காகக் காத்திருக்க நேர்ந்தது. பழைய கருவி அவரை விரைவாக்கவும் இல்லை, அவர் தாமதத்துக்கு அதுவே காரணமும் இல்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும், அதுவும் தமிழில் எழுதுகிறவர்களிடமிருந்து. கருவி இல்லாமல் நாம் பட்ட பாட்டை மறக்கலாமா? மறக்கக் கூடாது. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்காமல் இருந்திருந்தால் அலுவலகத் தமிழ் வெகுகாலம் கையெழுத்திலேயே நின்றிருக்கும். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களில் தொடங்கிய முரசு மென்பொருள் எத்தனையோ பேருக்குக் கணினியில் தமிழைத் திறந்துவிட்டது. அதற்குப் பிறகும் எழுத்துருக் குழப்பம் ஓயவில்லை. ஒருவர் பாமினி எழுத்துருவில் அனுப்பியது இன்னொருவர் திரையில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக விரியும். டிஸ்கி, டாப், டாம் என்று குறியேற்றங்கள் ஆளுக்கொன்றாக இருந்தன. 1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டை ஒட்டி தமிழ்99 விசைப்பலகை உறுதியானது. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது. இன்று கைப்பேசியில் பேசினால் எழுத்தாக விழுகிறது. பேருந்தில் உட்கார்ந்தபடி ஒரு சிறுகதையை முடிக்க முடிகிறது. இந்தக் கருவிகள் ஒரு தலைமுறையின் எழுத்தை மாற்றின என்பதில் எனக்கு ஐயமே இல்லை, அவற்றைச் செய்தவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது.

ஆனால் இவை ஏன் பயன்பட்டன என்று பார்க்க வேண்டும். தமிழில் எழுதியே தீர வேண்டும் என்று உட்கார்ந்தவர்களின் கை முட்டி நின்ற இடத்தில் இவை பிறந்தன. தடை கண்ணெதிரே இருந்தது, கருவி அந்தத் தடையை நீக்கியது. 1882இல் பார்வை மங்கிய ஜெர்மன் தத்துவவாதி நீட்சே உருண்டை வடிவத் தட்டச்சுப் பொறி ஒன்றை வாங்கியதும் அப்படித்தான். இருநூறு பக்கம் எழுதி முடித்து, எந்தக் காட்சி எந்த அத்தியாயத்தில் இருக்கிறது என்று தேடித் தேடி அலுத்துப்போனவருக்கு ஸ்க்ரிவனர் ஒரு வரம். முதல் பக்கம் எழுதாதவருக்கு அது இன்னும் வராத நோய்க்கு மருந்து. ஒரு கருவி நமக்கு வேண்டுமா என்று அறிய எளிய கேள்வி ஒன்று உண்டு. நேற்று எழுதும்போது எங்கே தடுக்கியது? அந்த இடத்தைச் சுட்டிக்காட்ட முடிந்தால் கருவியைத் தயங்காமல் வாங்கலாம்.

இனித் தள்ளிப்போடுதல். இதைச் சோம்பல் என்று எண்ணித்தான் பலரும் தம்மையே வைதுகொள்கிறார்கள். தள்ளிப்போடுகிறவர் அந்த நேரத்தில் சும்மா இருப்பதில்லை. அலமாரியை அடுக்குகிறார், பழைய மின்னஞ்சல்களுக்குப் பதில் போடுகிறார். ஆய்வாளர்கள் சிரோயும் பிச்சிலும் 2013இல் எழுதிய கட்டுரை ஒன்றில், நேரத்தைக் கையாளத் தெரியாததைவிட மனநிலையைக் கையாள்வதே இதன் மையம் என்று வாதிட்டார்கள். வேலை ஒரு சங்கடத்தைத் தருகிறது, தள்ளிப்போட்டதும் அந்தச் சங்கடம் உடனே தணிகிறது, தணிவு பழக்கமாகிறது. எழுத்தில் அந்தச் சங்கடம் என்னவென்று எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மனத்தில் இருக்கும் கதை அழகாக இருக்கிறது, தாளில் விழுவது அப்படி இல்லை. வெற்று நோட்டு இந்த ஏமாற்றத்தைத் தருவதில்லை. அதனால்தான் விலையுயர்ந்த நோட்டின் முதல் பக்கம் ஆண்டுக்கணக்கில் வெள்ளையாகவே இருந்துவிடுகிறது.

இருபத்தைந்து நிமிடத்துக்குத் தக்காளி வடிவக் கடிகாரத்தை முடுக்கி வைக்கும் பொமோடோரோ முறை சிலருக்கு உதவுகிறது என்றால், அந்தச் சங்கடத்தை இருபத்தைந்து நிமிடம் மட்டும் பொறுத்துக்கொண்டால் போதும் என்று அது சொல்வதால்தான். ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி ட்ராலப்புக்கு இதற்கெல்லாம் முன்பே இது தெரிந்திருந்தது. அஞ்சல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே விடியற்காலை ஐந்தரை மணிக்கு உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்து, கால்மணிக்கு 250 சொற்கள் என்று எழுதினார். 47 நாவல்கள் வந்தன. தம்மை எழுப்பிவிடும் வேலையாளுக்கு ஆண்டுக்கு ஐந்து பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். அவரிடமிருந்த கருவிகளிலேயே உயர்ந்தது அந்த வேலையாள்தான் என்று எனக்குப் படுகிறது. ஏனென்றால் விடியலில் ஒரு மனிதர் காப்பியோடு வந்து நின்றார்.

தமிழில் இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ எழுதத் தொடங்கியபோது அவருக்கு 85 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. வாழ்நாளெல்லாம் சேர்த்த கடிதங்கள், குறிப்புகள், அபார நினைவாற்றல் எல்லாம் ஏற்கெனவே அவரிடம் இருந்தன. அவை நூலாகத் திரண்டது 1940 ஜனவரியிலிருந்து ஆனந்த விகடன் வாரந்தோறும் அடுத்த அத்தியாயத்துக்குக் காத்திருந்தபோதுதான். 1942 ஏப்ரலில் அவர் மறைந்தபோது 122 அத்தியாயங்களோடு சரித்திரம் முடியாமல் நின்றது. முடியாத அந்த நூல் இன்று நம் உரைநடையின் பெருஞ்செல்வம். கல்கி 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை ‘பொன்னியின் செல்வ’னை வாரம் தவறாமல் தந்தார். ஜெயமோகன் 2014 ஜனவரி முதல் 2020 ஜூலை வரை ‘வெண்முரசை’ அன்றாடம் ஓர் அத்தியாயமாக வெளியிட்டு 26 நாவல்களாக முடித்தார். ஒருவர் மையில், ஒருவர் கணினியில், முதியவர் உதவியாளரின் துணையோடு. கருவிகள் மூன்றும் வேறு வேறு. பொதுவாக இருந்தது மறுமுனையில் காத்திருந்த வாசகர் மட்டுமே.

கெடு வைத்து எழுதினால் அவசர எழுத்துத்தானே வரும் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ 1966இல் வந்தது, அடுத்த நாவலான ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ 1981இல்தான் வந்தது. அந்தப் பதினைந்து ஆண்டுகளைத் தள்ளிப்போடுதல் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. ஊறப்போடுவது வேறு, ஒத்திப்போடுவது வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும், உள்ளே இருப்பவருக்கு வித்தியாசம் தெரியும். ஊறுகிற படைப்பு நடுநடுவே வந்து தொந்தரவு செய்கிறது, ஒரு வாக்கியம் மாறுகிறது, ஒரு பாத்திரத்தின் பெயர் பொருந்தாமல் உறுத்துகிறது. ஒத்திப்போட்ட படைப்பு அப்படியே கிடக்கிறது, அதைப் பற்றிய குற்ற உணர்ச்சி மட்டும் வளர்கிறது. வாரப் பத்திரிகையின் கெடு எல்லோருக்கும் கிடைக்காது என்பதும் சரிதான். ஆனால் காத்திருப்பவர் பத்திரிகையாகவே இருக்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான்கு பக்கம் படிக்கத் தருகிறேன் என்று ஒரே ஒரு நண்பரிடம் சொல்லி வைப்பது, நாவல் எழுதப் போகிறேன் என்று ஊருக்குச் சொல்வதற்கு நேர் எதிரான காரியம். முன்னதில் பாராட்டு எழுதி முடித்த பக்கங்களுக்குப் பின்னால்தான் வரும்.

இன்னொரு மறுப்பு, இதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது: கருவியை வணங்குவது நம் மரபில் உள்ளதல்லவா? சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களையும் பேனாவையும் அடுக்கிச் சந்தனம் குங்குமம் இடுகிறோம். அன்று அவற்றைத் தொடுவதில்லை, படிப்பதில்லை, எழுதுவதில்லை. எழுதுகோலுக்கு இப்படியொரு மரியாதை தரும் வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. பிள்ளைகளுக்கு அதன் அருமை தெரிய வேண்டும் என்றும் விரும்புகிறேன். நோட்டின் முன் சற்று நேரம் மலைத்து நிற்பது தவறில்லை. ஆனால் அந்த மரபு ஓய்வுக்கு ஒரே ஒரு நாளைத்தான் ஒதுக்கியிருக்கிறது. மறுநாள் விஜயதசமி. காலையில் குளித்துவிட்டு, பூஜையில் வைத்த நோட்டை எடுத்து, சந்தனம் காயாத அட்டையைத் திறந்து, நாலு வரியாவது எழுதச் சொல்லி வீட்டில் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.