காயெஸ்: கிணறும் பிறப்பும்

ஆப்பிரிக்கா என்றதும் நம் தோழர்களுக்கு அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டம்தான் நினைவுக்கு வருகிறது. மால்கம் எக்ஸை வாசிக்கிறோம், கருஞ்சிறுத்தைகளைப் பேசுகிறோம். அந்த மக்களின் முன்னோர் கப்பலேற்றப்பட்ட மேற்கு ஆப்பிரிக்காவின் கிராமங்களை நாம் கண்டுகொள்வதே இல்லை.

மாலி நாட்டின் மேற்கில், செனகல் ஆற்றோரம் இருக்கிறது காயெஸ் பகுதி. சோனின்கே, மலின்கே, ஃபுலா மக்களின் ஊர்கள். கம்பு, சோளம், நிலக்கடலை விளையும். (நாம் கூழ் காய்ச்சும் கம்பு முதலில் பயிரானதே அந்த சாஹேல் மண்ணில்தான்.) மழை சில மாதங்கள்தான். அதனால் பல குடும்பங்களில் யாராவது பிரான்ஸுக்குக் கூலி வேலைக்குப் போயிருப்பார்கள்.

சுற்றுலாக் குறிப்புகள் இந்தப் பண்பாட்டை ஜெலிகளின் பாட்டிலிருந்து தொடங்கும். ஜெலி என்றால் பரம்பரைப் பாணர். ஜெலியின் மகன் ஜெலி, கொல்லரின் மகன் கொல்லர். கொல்லர் வீட்டுப் பெண்கள் பானை வனைவார்கள். கல்யாணம் தங்களுக்குள்ளேயே. 'அங்கேயும் சாதிதான்' என்று உடனே முடிவுகட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுப்போம். கொல்லரை ஊர் தள்ளி வைக்கிறது. கூடவே, இரும்பை உருக்கும் அவரிடம் ஒரு மறைசக்தி இருப்பதாக அஞ்சவும் செய்கிறது. நம் ஊர் அளவுகோல் அங்கே அப்படியே பொருந்தாது.

பொருந்தும் இடம் அதற்கும் கீழே இருக்கிறது: முன்பு அடிமைகளாக்கப்பட்டவர்களின் வாரிசுகள். பிரெஞ்சு ஆட்சி 1905இல் அடிமைமுறையைச் சட்டப்படி ஒழித்தது. ஆனாலும் பல ஊர்களில் 'எசமான்' வீட்டுக் கல்யாணத்தில் ஆடு அறுப்பதும் சமைப்பதும் இன்றும் இவர்கள் தலையில்தான். ஊர்த்தலைவராக வரமுடியாது. தொழுகைக்குத் தலைமை தாங்கவும் விடமாட்டார்கள். மறுத்தால் கிணற்றில் தண்ணீர் எடுக்கத் தடை, கடையில் சாமான் இல்லை, உழுத நிலமும் பறிபோகும். இதையெல்லாம் நமக்கு யாராவது விளக்க வேண்டுமா என்ன?

மறுத்தவர்கள் கட்டிய இயக்கத்தின் பெயர் கம்பானா. சோனின்கே மொழியில் சமத்துவத்தைக் குறிக்கும் சொல். பிரான்ஸில் இருக்கும் தொழிலாளர்களும் ஊரில் இருப்பவர்களும் வாட்ஸ்அப் குரல்பதிவுகள் வழியே வளர்த்த இயக்கம். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாரும் பேசலாம், கேட்கலாம்; அதுதான் அதன் பலம் என்று நாங்கள் நினைக்கிறோம். விலையும் கொடுத்தார்கள். 2020 செப்டம்பரில் ஜாந்ஜூமே கிராமத்தில் நான்கு செயற்பாட்டாளர்கள் அடித்தே கொல்லப்பட்டார்கள். பல குடும்பங்கள் ஊரைவிட்டே வெளியேறின.

2002இல் ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு, பிறப்புவழிப் பாகுபாடு என்பதில் சாதியும் அதையொத்த பரம்பரை முறைகளும் அடங்கும் என்று தெளிவுபடுத்தியது. அந்த விளக்கத்துக்குள் நாமும் இருக்கிறோம், காயெஸ் மக்களும் இருக்கிறார்கள். ஆய்வுத் தலைப்பு தேடும் தோழர்கள், அதிலும் கொஞ்சம் பிரெஞ்சு தெரிந்தவர்கள், இந்தப் பக்கம் திரும்பலாம்.