ஆடும் விழிகள்

தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயிலில், ஜன்னலோரம் அமர்ந்து கம்பங்களைப் பார்த்து வருபவரின் கண்களைக் கவனித்ததுண்டா? அவை மெல்ல ஒருபுறம் நகர்ந்து, வெடுக்கென மறுபுறம் திரும்பும். ஓடும் காட்சியைப் பற்றிக்கொள்ள இறைவன் அமைத்த ஏற்பாடு அது. எதிரே எதுவும் ஓடாதபோதும் சிலருடைய விழிகள் தாமாகவே ஆடுகின்றன. இதுவே விழிநடுக்கம்; மருத்துவர்கள் நிஸ்டாக்மஸ் என்பர்.

என் தங்கை மகனுக்கு மூன்றாம் மாதத்திலேயே இது தென்பட்டது. எங்கள் தாய்மாமாவுக்கும் இது உண்டு. உடனே, "பெண் வீட்டுக் குறை" என்று உறவினர் சிலர் தங்கையின் மீது பழி சுமத்தினர்.

பரம்பரையாக வரும் விழிநடுக்கத்தில் ஒரு வகைக்கு, எக்ஸ் குரோமோசோமில் உள்ள எஃப்.ஆர்.எம்.டி.7 என்னும் மரபணுவின் மாற்றமே காரணம் என 2006-ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. அதைச் சுமக்கும் தாயின் கண்கள் ஆடாமலும் இருக்கலாம். ஒவ்வொரு மகனுக்கும் அது சேரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. எவரும் விரும்பிக் கொடுப்பதன்று. பிறகு பழி எதற்கு? பிறவி வெண்மையோடு வரும் விழிநடுக்கமோ பெரும்பாலும் தாய், தந்தை இருவர் வழியாகவும் வருவது. நெருங்கிய சொந்தத்தில் நிக்காஹ் செய்வோரின் பிள்ளைகளுக்கு அவ்வாய்ப்பு கூடுகிறது.

பையன் முகத்தை ஒருபுறம் திருப்பிக் கடைக்கண்ணால்தான் கரும்பலகையைப் பார்ப்பான். "நேராகப் பார்!" என ஆசிரியர் ஒருவர் அவன் தலையைப் பிடித்துத் திருப்பினார். கண் மருத்துவர் விளக்கிய பிறகே உண்மை புரிந்தது. இத்தகையோர் பலருக்கு, ஏதேனும் ஒரு திசையில் பார்க்கும்போது ஆட்டம் அடங்கும், பார்வை தெளியும். யாரும் கற்றுத் தராமலே பிள்ளை அத்திசையைக் கண்டுகொள்கிறான். அவன் தலையை நிமிர்த்துவது பார்வையைப் பறிப்பதாகும்.

அடியோடு நீக்கும் சிகிச்சை இன்னும் இல்லை. ஆயினும் தக்க கண்ணாடி பார்வையைத் தெளிவாக்கும். தலைத் திருப்பம் மிகுதியாயின், கண் தசைகளை இடம் மாற்றி, ஆட்டம் அடங்கும் திசையை நேர்முன்னே கொண்டுவரும் அறுவை சிகிச்சை உண்டு. காபாபென்டின், மெமான்டின் ஆகிய மருந்துகள் சிலருக்கு ஆட்டத்தைக் குறைக்கின்றன; மருத்துவர் சொல்லாமல் தரலாகாது. பெரியவர்களுக்குத் திடீரெனத் தொடங்கினாலோ அது மூளைக் கோளாறின் அறிகுறியாகவும் இருக்கலாம். உடனே காட்ட வேண்டும்.

தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டைப் பெற்றோர்களே! 1819-இல் தொடங்கப்பெற்ற எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இதே ரயில் பாதையில்தான் இருக்கிறது. குழந்தையின் விழிகள் ஆடக் கண்டால் தாமதியாமல் அழைத்துச் செல்லுங்கள். பள்ளியில் முன்வரிசையில், அவனுக்குத் தெளிவாகத் தெரியும் பக்கத்தில் இடம் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.