படிக்குள் இருந்த ஆற்று மண்

20 ஆண்டுகளைத் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்க இனி 10,000 ரூபாய் கட்டணம் என்று 2025 ஆகஸ்டில் செய்தி வந்தது. பம்மலில் இருக்கும் என் நண்பர் ஒருவர் அதற்குச் சற்று முன்புதான் ஒரு 2005 மாடல் ஸ்கார்பியோவை 1,10,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தார். பல வருஷம் வேப்ப மரத்தடியில் அசையாமல் நின்ற வண்டி. “வண்டியை விடு, அதைத் தட்டுற ஆளை வந்து பார்” என்று என்னைப் பொழிச்சலூருக்கு அழைத்துப் போனார்.

அது தகரக் கூரை போட்ட டிங்கர் பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது. விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் விமானம் தலைக்கு மேல் போகும்போதெல்லாம் டிங்கர் அண்ணன் சுத்தியலை நிறுத்திவிடுகிறார். சத்தம் அடங்கினால்தான் அவருக்கு வேலை ஓடும், ஏனென்றால் அவர் பாதி வேலையைக் காதால் செய்கிறவர். மருத்துவர் முதுகில் தட்டிப் பார்ப்பதுபோல விரல் முட்டியால் கதவைத் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் கணீரென்றது, அடுத்த சாணில் மொத்தென்றது. “இங்க தகடு இல்ல சார், பட்டிதான் இருக்கு” என்றார். சுரண்டிக் காட்டியபோது விரல் கனத்துக்குப் பட்டி உதிர்ந்தது. அதற்குக் கீழே துருவேறிய ஓட்டை.

இப்படி நிற்கும் வண்டி பெரும்பாலும் உள்ளிருந்துதான் அரிக்கும். கதவுக் கண்ணாடியின் ஓரமாக இறங்கும் மழைநீர் வெளியேற, கதவின் அடியில் சிறு துளைகள் உண்டு. இலைச் சருகு அவற்றை அடைத்துவிட்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கும். வெளியே பெயின்ட் கொப்பளிக்கிற நேரத்தில் உள்ளே தகடு போயே போய்விட்டிருக்கும்.

இன்ஜின், இன்ஜெக்டர் வேலைகள் இன்னொரு பட்டறையில் நடந்தன. எனக்கு அவற்றில் மனம் செல்லவில்லை. என் கண்ணெல்லாம் அண்ணன் கையிலிருந்த டோலியின் மேல்தான் இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற இரும்புக் கட்டி அது. ஒரு முகம் தட்டை, ஒரு முகம் லேசான வளைவு, ஒரு ஓரம் கூர். லாரி ஆக்சில் துண்டிலிருந்து அறுத்து, தேய்த்து, அவர் குரு செய்துகொடுத்தது. ஒடுக்கின் பின்பக்கம் டோலியை அண்டக் கொடுத்து, முன்பக்கம் சுத்தியலால் தட்ட வேண்டும். நேராக டோலியின் மேலேயே ஓங்கி அடித்தால் தகடு மெலிந்து விரியும், பிறகு படியாது. மேடான இடத்தில் சுத்தியலும் பள்ளத்துக்குப் பின்னால் டோலியுமாகச் சற்று விலகி இருந்தால்தான் நெளிசல் எழும்பி வரும். பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாது. கை வைத்துத் தடவி, அந்தத் தடவலை நம்பி அடிக்கிறார்.

அந்தக் குரு பெருங்களத்தூர் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸில் வேலை பார்த்தவர். ஹெரால்டு கார் அங்கேதான் தயாரானது. 1985இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 எடுபடாமல் போக, அதோடு கம்பெனியும் படுத்தது. வேலை போனவர் பல்லாவரத்தில் பட்டறை போட்டார். அங்கே பதினான்கு வயதில், செய்யாறு பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தவர் அண்ணன். முதல் வருஷம் முழுக்கத் தண்ணி பேப்பர் தேய்த்ததுதான் வேலை. “டோலியத் தொட்டா அடி விழும் சார். ராத்திரி அவர் போனதும் எடுத்துப் பழைய மட்கார்டுல தட்டிப் பழகுவேன்.” இன்றைக்கு அவரிடம் பழக ஆள் இல்லை. அடிபட்ட பாகத்தைக் கழற்றி எறிந்து புதிதாகப் போடுவதே வழக்கமாகிவிட்டது. இவருடைய இரண்டு மகன்களும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

கதவுக்குக் கீழேயுள்ள படிப்பகுதியை அவர் கட்டரால் அறுத்தார். நெருப்புப் பொறி அடங்கியதும் உள்ளிருந்து சாம்பல் நிறத்தில் மெல்லிய மண் கொட்டியது. அதில் கொஞ்சம் எடுத்து விரலிடுக்கில் நசுக்கினார். “மழைத் தண்ணி துரு இப்படி வராது சார். இது ஆத்து மண். வண்டி முங்கியிருக்கு.” சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துக் காட்டினார். யாரும் கழுவ நினைக்காத அந்தக் கடைசி முழத்தில் பழுப்புக் கறை கோடு போட்டிருந்தது.

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டு, அடையாறு கரை மீறி ஓடியதை இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அண்ணனின் கேஸ் வெல்டிங் சாமான்கள் அப்போது போயின. டோலி மட்டும் சேற்றுக்குள்ளிருந்து கிடைத்தது.

“ஒரே ஓனர், நிழலில் நின்ற வண்டி” என்று சொல்லி விற்றுக்கொடுத்த புரோக்கர் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. வாங்கியவரிடமும் விற்றவரிடமுமாக 15,000 ரூபாய் கமிஷன் வாங்கிக்கொண்டார். அவர் வேலை நாலு போன். மறைத்துச் சொன்ன பொய்க்கு 15,000. அந்தப் பொய்யை அறுத்தெடுத்து, மூன்று வாரத்துக்கு மேல் குனிந்து நிமிர்ந்து தகடு வைத்த டிங்கருக்கு 30,000. அதிலும் ஆக்சிஜன் சிலிண்டர், தகடு, உதவியாள் கூலி போனால் கையில் நிற்பது பாதிகூட இல்லை. இன்ஜின், டயர், பெயின்ட், ஒயரிங், புது புஷ் என எல்லாம் சேர்த்து நண்பருக்கு ஆன செலவு 2,30,000. இத்தனை பெரிய பில்லில், வண்டியை வண்டியாக்கிய கைக்கு விழுந்த பங்கு இவ்வளவுதான். பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது. வெல்டிங் பொறி பட்ட கண்ணுக்கு மருந்தும் சொந்தக் காசு.

வெள்ளத்தில் மூழ்கி, காப்பீட்டு நிறுவனம் முழு இழப்பீடு கொடுத்துக் கழித்த வண்டிகள் ஏலத்தில் போகின்றன. கழுவி, பட்டி பூசி, பாலிஷ் போட்டால் மறுபடி சந்தைக்கு வந்துவிடுகின்றன. அமெரிக்க மாநிலங்களில் அப்படிக் கழித்த வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே அதை முத்திரையாகப் பதித்துவிடுகிறார்கள். நம் ஆர்.சி.யிலும் கண்ணில் படுகிற இடத்தில் ஒரு வரி இருந்தால் போதும். புதுப்பிக்க 10,000 வாங்கத் தெரிந்த அரசுக்கு அந்த ஒரு வரி எழுதுவது பெரிய காரியமா? ஏமாந்தவன் தலையில் செலவு, தட்டியவன் தலையில் வெயில், நடுவில் நின்றவனுக்கு மட்டும் லாபம் என்கிற ஏற்பாட்டை எத்தனை நாள் சகிப்பது?

புரோக்கருக்குக் கொடுத்த அளவாவது அண்ணனுக்குக் கூடுதலாகக் கொடு என்று நண்பரிடம் சொன்னேன். வண்டி ஆய்வு முடிந்து பதிவு ஐந்து வருஷத்துக்கு நீண்டதும் கொடுத்தார். அண்ணன் அதில் கேஸ் வெல்டிங்கின் பழைய ரெகுலேட்டரை மாற்றினார், மீதியை வாடகை பாக்கிக்குக் கட்டினார்.