டிக்கெட் இல்லை என்று சொன்னவன்

பாங்காக்கில் என் நண்பனிடம் மூன்று பொய் சொன்னேன். முதல் பொய் என் வசதிக்காக. மற்ற இரண்டும், முதல் பொய்யைக் காப்பாற்றுவதற்காக. மூன்றையும் அவன் அப்படியே நம்பினான். அதற்கு முன் கடல் தாண்டிப் போகாதவன், இங்கிலீஷ் பேசக் கூச்சப்படுகிறவன். அந்த ஊரில் என்னை விட்டால் அவனுக்கு வேறு ஆள் கிடையாது. அது தெரிந்துதான் சொன்னேன்.

தாய்லாந்து போக இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்று 2023 நவம்பரில் ஆன பிறகு, எங்கள் கல்லூரிக் கூட்டத்தில் பாங்காக் பேச்சு ஓயவே இல்லை. எங்கே போனாலும் ஏற்பாடு என்னுடையதுதான். விமானம், தங்குமிடம், எந்த நாள் எங்கே, யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பது வரை நான் வைத்ததுதான் கணக்கு. எல்லோருக்காகவும் இவன் பாடுபடுகிறான் என்று மற்றவர்கள் சொல்வார்கள். கேட்க இனிமையாக இருக்கும். யார் என்ன பார்க்கலாம், பார்க்கக் கூடாது என்று முடிவு செய்கிற அதிகாரம் எனக்குப் பிடித்திருந்தது என்பதை நானும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

கிளம்புவதற்கு ரொம்ப நாள் முன்பே அந்த நண்பன் நாகப்பட்டினத்திலிருந்து போன் செய்தான். "பாங்காக்லேருந்து அந்த சயாம் ரயில் எடத்துக்குப் போய்ட்டு வர முடியுமாடா? அப்பா சொல்றாரு" என்றான். பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

அவன் எதைச் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். அந்த ரயில் பாதையில் இருக்கும் குவாய் நதிப் பாலத்தைப் பற்றிய ஆங்கிலப் படத்தைக் கல்லூரியில் சேர்ந்துதான் பார்த்தோம். 1957-இல் வந்த படம். எடுத்தது சயாமில் அல்ல, இலங்கையின் கித்துல்கலையில். அதில் வருவது வெள்ளைக்காரக் கைதிகளின் கதை. அவன் வீட்டுக் கதை அதில் இல்லை. மலாயாவையும் சிங்கப்பூரையும் ஜப்பான்காரர்கள் 1942 பிப்ரவரிக்குள் பிடித்துவிட்டார்கள். ரப்பர் வாங்க ஆளில்லாமல் தோட்டங்கள் படுத்தன. அரிசி இல்லை, கூலி இல்லை. அந்த நேரத்தில்தான் சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போடத் தோட்டத்துத் தமிழர்களைக் கூப்பிட்டார்கள். நல்ல கூலி, கொஞ்ச நாள் வேலை, திரும்பி வந்துவிடலாம் என்று முதலில் ஆசை காட்டினார்கள். போனவர்கள் திரும்பாததைப் பார்த்து ஜனங்கள் பின்வாங்கியதும், கிடைத்தவர்களைப் பிடித்து லாரியில் ஏற்றினார்கள். இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கொட்டகைக்கு வரச் சொல்லி, கதவைப் பூட்டி ஆள் பிடித்ததும் உண்டு.

சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபர் 17-இல் இரண்டு முனைகளும் சேர்ந்தன. நேச நாட்டுக் கைதிகள் 60,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களுக்காவது தலைமை தாங்க அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள், இன்னார் செத்தார் என்று எழுதி வைக்க ஆள் இருந்தது. தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் என்று கொண்டுவரப்பட்ட கூலிகளுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள். 90,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பெயர்ப் பட்டியல் கிடையாது.

என் நண்பனின் தாத்தா மலாயாவின் பேராக்கில் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். 1943-இல் லாரி ஏறியவர் திரும்பவில்லை. அப்போது அவன் அப்பா கைக்குழந்தை. சண்டை முடிந்து, கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு, பாட்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ராஜூலா கப்பலில் ஏறி நாகப்பட்டினம் வந்து இறங்கினாள். செத்தார் என்று சொல்ல ஓர் ஆள் வரவில்லை. அதனால் பாட்டி தாலியைக் கழற்றவில்லை. கருமாதி நடக்கவில்லை. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ஊரே கடற்கரைக்குப் போகும்; அவன் அப்பா போகமாட்டார். பாட்டி சுமங்கலியாகவே பாடையேறினாள். அப்பாவுக்கு எண்பது தாண்டிய பிறகுதான், இனி யார் வந்து சொல்லப்போகிறார்கள் என்று தோன்றியிருக்கிறது. மகனிடம் எள்ளைக் கொடுத்து, அந்தக் குவாய் ஆற்றில் இறைத்துவிட்டு வா என்று அனுப்பினார்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். எங்களோடு வந்த மற்ற இருவருக்குத் தெரியாது. அவன் என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தான்.

அந்தப் பாலமும் ஆறும் இருக்கிற காஞ்சனபுரி பாங்காக்கிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர். பாங்காக்கில் சாவ் பிரயா ஆற்றுக்கு மேற்கே தோன்புரி நிலையத்திலிருந்து காலையில் சாதாரண ரயில் கிளம்புகிறது. எல்லாமே மூன்றாம் வகுப்பு. முன்பதிவு என்பதே இல்லை. அன்று காலை போய், வெளிநாட்டுக்காரருக்கு 100 பாட் என்று டிக்கெட் வாங்கி ஏற வேண்டியதுதான். இரண்டரை மணி நேரம். சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம். பாங்காக் போய்ச் சேர்ந்து, சனிக்கிழமை மத்தியானமே போனில் இதையெல்லாம் பார்த்துவிட்டேன்.

அன்று ராத்திரி அவன் கேட்டான். "நாளைக்குக் காலையில எத்தன மணிக்குடா?"

"டிக்கெட் இல்லடா. எல்லாம் புக் ஆயிடுச்சு" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று பல முறை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாத்துசாக் சந்தை என்று நான் எழுதி வைத்திருந்தேன். அது சனி ஞாயிறில்தான் முழுசாக இருக்கும். அது ஒரு காரணம், ஆனால் சின்னக் காரணம். அவன் கதையைக் கேட்டால் மற்ற இருவரும் அவனோடு ரயிலேறிவிடுவார்கள், ஏற்பாடு என் கையை விட்டுப் போய்விடும் என்பது அதைவிடப் பெரிய காரணம். இன்னொன்றும் இருக்கிறது. வேலையிலும் வீட்டிலும் சலித்துப்போய்ச் சந்தோஷமாக இருக்க வந்த இடத்தில், வேறொருவர் வீட்டுச் சாவைச் சுமந்துகொண்டு ஒரு நாளைக் கழிக்க எனக்கு மனமில்லை. "நீ போ, நான் வரவில்லை" என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் நான் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துவிடும். பொய்யில் அந்த ஆபத்து இல்லை.

அவன் ஒரு வார்த்தைகூடக் கோபமாகச் சொல்லவில்லை. "பஸ்ஸு எதாச்சும்?" என்று கேட்டான். ரொம்ப நேரமாகும் என்றேன். அதுவும் உண்மையல்ல, பஸ்ஸும் வேனும் நாள் முழுக்க ஓடுகின்றன.

மறுநாள் சாத்துசாக்கில் மணிக்கூண்டுப் பக்கம் நாங்கள் வாங்கிய பைகளைக் காவல் காத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். ஒன்றும் வாங்கவில்லை. யானைப்படம் போட்ட கால்சட்டையை நான் பேரம் பேசி முடித்துத் திரும்பியபோது, தோள்பையின் ஜிப்பைத் திறந்து உள்ளே எதையோ சரிபார்த்துக்கொண்டிருந்தான். மஞ்சள் துணியில் முடிந்த எள், காய்ந்த தர்ப்பை, உள்ளங்கை அளவு பித்தளைச் செம்பு. காலையில் எங்களுக்கு முன்பே எழுந்து குளித்திருந்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒருவேளை டிக்கெட் கிடைத்துவிடும் என்று நினைத்திருப்பான். அப்போது மணி பதினொன்றுகூட ஆகவில்லை. அந்த நிமிஷம்கூட ஒரு வேன் பிடித்திருக்கலாம். நான் பேசாமல் இன்னொரு பையை அவன் பக்கத்தில் வைத்தேன்.

சாயங்காலம் வாட் போ கோயில். 46 மீட்டர் நீளத்துக்குப் பொன் வேய்ந்த சயன புத்தர். அவருடைய முதுகுப்புறச் சுவரோரம் 108 கிண்ணங்கள் வரிசையாக இருக்கின்றன. சில்லறை வாங்கி ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே போவார்கள். நாங்கள் பாதியில் விட்டுவிட்டுப் படமெடுக்கப் போய்விட்டோம். அவன் கடைசிக் கிண்ணம் வரை போட்டுவிட்டு வந்தான். அங்கிருந்து தா தியென் படகுத்துறை கூப்பிடு தூரம். எதிர்க்கரையில் வாட் அருண். மற்ற இருவரும் இளநீர் வாங்கப் போயிருந்தார்கள். அவன் படிக்கட்டில் நின்று சாவ் பிரயாவைப் பார்த்தபடி கேட்டான்:

"இந்த ஆறு அங்கேருந்துதானே வருது?"

"ஆமா" என்றேன்.

வரவில்லை. குவாய் யாய், குவாய் நோய் இரண்டும் காஞ்சனபுரியில் கூடி மே குளோங் ஆகின்றன. மே குளோங் தன்பாட்டுக்குத் தெற்கே போய் சமுத் சொங்க்ராமில் கடலில் விழுகிறது. சாவ் பிரயா வடக்கேயிருந்து வேறு வழியாக வருகிறது. அன்று எனக்கு இந்த விவரம் தெரியாது. தெரியாத ஒன்றை, அந்தப் பேச்சு அதோடு முடிந்தால் போதும் என்று, தெரிந்தவன் போலச் சொன்னேன்.

அவன் செருப்பைக் கழற்றி வைத்தான். குனிந்து செம்பில் தண்ணீர் மொண்டு, எள்ளைக் கட்டைவிரல் வழியாக விட்டான். எண்ணெய் மிதக்கும் தண்ணீர். கோயில் துறைகளில் ஜனங்கள் ரொட்டி போட்டுப் பழக்கிய பெரிய கெளுத்திகள் வாயைத் திறந்துகொண்டு மேலே வந்தன. அவன் தாத்தாவின் பெயரை மூன்று தரம் சொன்னான். அவனோடு பழகிய இத்தனை வருஷத்தில் அந்தப் பெயரை அன்றுதான் கேட்டேன். அதற்குள் எக்ஸ்பிரஸ் படகு வந்து ஒரே விசில் சத்தம். "சீக்கிரம்டா" என்று நான்தான் கத்தினேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகுதான் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். காஞ்சனபுரியில் கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் இருப்பதையும், வாட் தாவோன் வராராம் கோயிலில் பெயர் தெரியாத கூலிகளின் எலும்புகளுக்கு ஒரு நினைவுத்தூண் இருப்பதையும் அப்போதுதான் படித்தேன். அவன் அங்கே போயிருந்தால் நின்று கும்பிட ஓர் இடம் இருந்திருக்கும்.

ஒரு வருஷத்துக்கு மேல் சொல்லாமலே இருந்தேன். அடுத்த பயணத்துக்கு நாள் குறிக்கலாமா என்று மற்றவர்கள் கேட்கத் தொடங்கியபோது முடியவில்லை. அவனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பாகிட்ட நான் சொல்லமாட்டேன். நீ வந்து சொல்லு" என்றான்.

போனேன். பெரியவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ரயில் இருந்தது, இடமும் இருந்தது, நான்தான் இல்லை என்று சொன்னேன் என்றேன். "எத்தன மணி நேரம் தம்பி?" என்று கேட்டார். இரண்டரை மணி நேரம் என்றேன். "இங்கேருந்து திருச்சி போற நேரங்கூட இல்ல" என்றார். பிறகு ஆற்றைப் பற்றிச் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், ரெண்டு ஆறும் கடைசியில் ஒரே கடலில்தான் சேருது ஐயா என்று ஆரம்பித்தேன்.

"நான் ஆத்துலதான் எறைக்கச் சொன்னேன்" என்றார்.

அதற்குமேல் அவர் பேசவில்லை. அவருடைய மருமகள் காபி கொண்டுவந்து வைத்தார். குடிக்காமல் எழுந்திருக்கவும் தோன்றவில்லை, குடிக்கவும் முடியவில்லை.

இதை எழுதி அவனுக்கு அனுப்பினேன். அச்சுக்குக் கொடுக்கலாம், பெயர் மட்டும் வேண்டாம் என்றான். வரும் அக்டோபரில் காஞ்சனபுரி போகிறான், மகளையும் அழைத்துக்கொண்டு. டிக்கெட் முதல் எல்லாவற்றையும் அவளே பார்த்துக்கொள்கிறாள். நானும் வரட்டுமா என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் சொல்லவில்லை.