நாற்பது வளைவுகளும் ஒரு நடுப்பெட்டியும்

ஆழியாற்றைக் கடந்தால் வால்பாறை மலைப்பாதை தொடங்குகிறது. கொண்டையூசி வளைவுகள் 40. ஒவ்வொரு வளைவிலும் ஜீப்பினுள் உள்ள பொருள்கள் இடம்பெயரும். தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செல்லும் கற்பாதையிலோ அவை துள்ளி விழும். நாம் கொண்டுசெல்வன நோயாளர் திருத்தைலம், திருவுடை, சடங்கு நூல், கைவிளக்கு ஆகியனவாம்.

ஆதலின், முன்னிருக்கைகளுக்கு நடுவே பூட்டுடன் கூடிய இரும்புப் பெட்டியொன்றைப் பொருத்தச் செய்தோம். பொள்ளாச்சிப் பட்டறைத் தொழிலாளி முதலில் பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றினார். வண்டியின் அடியிற் புகுந்து, பிரேக் குழாயும் டீசல் குழாயும் மின்கம்பிகளும் செல்லும் வழியைக் கண்டறிந்த பின்னரே நான்கு துளைகள் இட்டார். துருப்பிடியாதிருக்க அவற்றின் விளிம்புகளில் வண்ணம் பூசி, ரப்பர் வளையமிட்டு முடுக்கினார். கியர்த் தண்டும், நான்கு சக்கர இயக்கத் தண்டும், கைப்பிரேக்கும் தடையின்றி அசைகின்றனவா எனச் சோதித்தார். கியர்ப்பெட்டியின் சூடு தைலத்தைத் தாக்காதவாறு உள்ளே தடித்த கம்பளி விரித்தோம்.

நற்கருணையை இப்பெட்டியில் வைப்பதில்லை. அது சிமிழில் நம் நெஞ்சோடு வரும். திருத்தைலத்தையோ, அவசர வேளையில் உதவும்பொருட்டு, எந்தக் குருவும் உடன் கொண்டுசெல்லலாம் என 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1003-ஆம் எண் இசைவளிக்கிறது.

நள்ளிரவு மழையில், உயிர் ஊசலாடும் ஒருவரின் வாசலில் இறங்கும்போது பொருள்களைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. நீட்டிய கைக்குத் தைலம் எட்டவேண்டும். அன்பர்களே, உங்கள் கடமையும் ஒன்றுண்டு. நோயுற்றோர் நினைவிழக்கும் முன்னரே குருவை அழையுங்கள்.