சலவைச் சோடா

மகளுக்கு அடிக்கடி மூச்சிரைப்பு வந்துகொண்டிருந்த வருடம் அது. வாசனைத் திரவங்கள், ஸ்பிரேக்கள் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு மளிகைக் கடையில் ஒரு கிலோ சலவைச் சோடா வாங்கி வந்தேன். ஆப்பத்துக்குப் போடுகிற சோடா வேறு, இது வேறு. அதைவிட இதற்குக் காரம் மிக அதிகம்.

நல்ல பொருள்தான், குறை சொல்வதற்கில்லை. எங்கள் போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிந்துபோய்ச் சாம்பல் நிறத்தில் துணியில் ஒட்டும். பக்கெட்டுக்கு இரண்டு ஸ்பூன் சோடா போட்டால் கால்சியம் தனியாகப் பிரிந்து படிந்துவிடும். அப்புறம் கொஞ்சம் சோப்பே போதும். பள்ளிச் சட்டையின் காலர் அழுக்கு, மாதவிடாய்த் துணி எல்லாவற்றுக்கும் ஆகும். (மாதவிடாய்த் துணியை முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். வெந்நீர் பட்டால் ரத்தக் கறை இறுகிவிடும்.) எக்ஸாஸ்ட் ஃபேனில் ஏறிய பிசுக்கு, வெந்நீரில் கரைத்த சோடாவில் அரை மணி நேரம் ஊறினால் கழன்று வரும். காரம் அந்த எண்ணெயையே சோப்பாக மாற்றிவிடுகிறது. சோடாவோடு வினிகரைக் கலந்து பொங்கவிட்டு அதிசயம் காட்டுகிறவர்களை நம்ப வேண்டாம். புளிப்பும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டிய பிறகு மிஞ்சுவது வெறும் உப்புத் தண்ணீர். அலுமினியப் பாத்திரத்தில் படக்கூடாது, கறுத்து அரித்துவிடும். பட்டுக்கும் கம்பளிக்கும் ஆகாது.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டியவள் நான். கரைத்துத் தேய்த்தவர் வேலைக்கு வரும் அக்கா.

இரண்டாவது மாதம் ஒருநாள் டீ டம்ளரை முந்தானையால் பிடித்து வாங்கினார். சூடோ என்று நினைத்தேன். விரல் இடுக்கெல்லாம் தோல் வெடித்திருந்தது.

“நாலு வீட்லயும் எரியுதும்மா. மொளகா அரைக்கயில தாங்க முடியல. பழைய லிக்விடே வாங்கிடுங்களேன்.”

“ஏன்க்கா முதல்லயே சொல்லல?”

“பாப்பாவுக்கு ஆகலன்னுதான மாத்துனீங்க.”

என்னைவிட மூத்தவர் என்னை அம்மா என்கிறார், நான் அவரை அக்கா என்கிறேன். என் பிள்ளையின் நெஞ்சுக்காக அவர் இரண்டு மாதம் பேசாமல் இருந்திருக்கிறார்.

சுவரிலிருந்த தாளைப் போய்ப் பார்த்தேன். பட்டும் கம்பளியும் புரதம், அதனால் காரம் அவற்றைத் தின்றுவிடும். அது தெரிந்துதான் எழுதியிருக்கிறேன். தோலும் புரதம்தானே? சோடாத் தண்ணீரில் கைவிட்டால் ஒரு வழுவழுப்பு வரும். அது அழுக்கு போவதன் அடையாளம் என்று நினைத்திருந்தேன். ஃபேனில் நடப்பதுதான் அங்கேயும் நடக்கிறது, நம் தோலில் இருக்கிற எண்ணெய் சோப்பாகிறது.

அன்று இரவு அம்மாவிடம் போனில் சொன்னேன். “அப்பத்தா காலத்துல உவர்மண்ணுலதானே துவைச்சாங்க? அதுவும் இதே சோடாதான். அப்ப யாருக்கும் கை வெடிக்கலையா?” கோடையில் கண்மாய் வற்றியதும் தரையில் வெள்ளையாகப் பூக்குமே, அந்த மண்.

அம்மா சிரித்துவிட்டார். “உங்க அப்பத்தா எங்கடி துவைச்சா? வண்ணாத்தி வந்து மூட்டை கட்டித் தூக்கிட்டுப் போவா. தீட்டுத் துணியும் அவதான். ராத்திரி சட்டியோட சோத்துக்கு வந்து நிப்பா.”

“அவங்க பேரு என்னம்மா?”

“பேரா? வண்ணாத்தின்னுதான் கூப்பிடுவோம்.”

உவர்மண்ணைச் சுரண்டிச் சுமந்து வந்து, கரைத்துத் துணியை முக்கி, வெள்ளாவியில் அடுக்கி அவித்து, துறையில் அடித்துத் துவைத்த ஒரு பெண். அவர் கை எப்படி இருந்தது என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. ‘நம் பாட்டிமார் பயன்படுத்திய இயற்கைப் பொடி’ என்று நானே தோழிகளுக்குச் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

மறுநாள் ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்தேன். அக்கா இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றி வைத்தார். “உள்ள தண்ணி எறங்கி இன்னும் ஊறுது. கண்ணாடி டம்ளரு வழுக்கி ஒடஞ்சா நீங்கதான கேப்பீங்க?” பிறகு அவரே ஒரு வழி சொன்னார். “சோடா வேலைய மட்டும் நீங்க பாத்துக்குங்க. மத்ததெல்லாம் நான் செய்றேன்.”

அப்படியே வைத்துக்கொண்டோம். சம்பளத்தைக் குறைக்கவில்லை. குறைக்கலாமே என்று என் கணவர் கேட்டதையும் இங்கே எழுதித்தான் ஆகவேண்டும். காலர் துவைப்பது என் பங்கு, எக்ஸாஸ்ட் ஃபேன் அவர் பங்கு.

முதல் ஞாயிறு கையுறை போடாமலே இறங்கிவிட்டார். இரவு விரல்களில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே, “இவ்வளவு எரியும்னு யாரும் சொல்லவே இல்லையே” என்றார்.