விரல்தான் முதல் மீட்டர்

செல்போன் சர்வீஸ் தொழிலை நான் பட்டன் போனில்தான் பழகினேன். 2000-களின் கடைசி வருடங்கள். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை. ஸ்பேர் எல்லாம் சென்னை ரிச்சி தெருவிலிருந்து பார்சலில் வரும். நோக்கியா 1100, 1600, 6300 என்று வந்துகொண்டே இருக்கும். டிஸ்பிளே, சார்ஜிங் வேலைகளைக் கடைக்கார அண்ணன் பார்ப்பார். "அஞ்சாம் நம்பர் விழமாட்டேங்குது", "கிரீன் பட்டனை ரெண்டு தடவை அமுக்கணும்" என்று வரும் செட்டுகள் என் பக்கம் தள்ளப்படும்.

1100-ஐக் கழற்றினால் முதலில் ரப்பர் பேடு. 2003-இல் வந்த அந்த மாடல் இந்தியா மாதிரி நாடுகளின் தூசியையும் வேர்வையையும் மனதில் வைத்தே செய்யப்பட்டது. சாவிகளுக்கு நடுவே இடுக்கு விடாமல் முகப்பை ஒரே பேடு மூடியிருக்கும். உலகம் முழுக்க இருபத்தைந்து கோடி விற்றதற்கு டார்ச் லைட்டோடு சேர்த்து இதுவும் ஒரு காரணம். பேடை எடுத்தால் போர்டின்மேல் டோம் ஷீட்: ஸ்டிக்கர் மாதிரித் தாள், அதன் அடியில் ஒவ்வொரு சாவிக்கும் ஒரு குட்டி உலோகத் தகடு, நடுவில் லேசாக மேடு தட்டியிருக்கும். அதற்கும் கீழே போர்டில் தங்க முலாம் பூசிய வளையம், வளையத்துக்கு நடுவே ஒரு புள்ளி. தகட்டின் விளிம்பு எப்போதும் வளையத்தில் உட்கார்ந்திருக்கும். அமுக்கினால் மேடு உள்வாங்கிப் புள்ளியைத் தொடும், எழுத்து விழும். உள்வாங்கும்போது வருவதுதான் அந்த 'டக்'.

அண்ணன் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் வித்தை, செட்டைக் கழற்றாமலே பழுதைக் கண்டுபிடிப்பது. கஸ்டமரிடம் பேசிக்கொண்டே, செட்டைப் பார்க்காமல், கட்டைவிரலால் பன்னிரண்டு சாவியையும் ஒரு சுற்று அமுக்குவார். "டக்குனு சத்தம் வருது, ஆனா எழுத்து விழலைன்னா கீழே களிம்பு. சத்தமே இல்லாம மெத்துனு போனா டோம் செத்துப்போச்சு. கல்லு மாதிரி இருந்தா உள்ளே தூசி. மீட்டரை அப்புறம் எடு, விரல்தான் முதல் மீட்டர்" என்பார். களிம்பு என்றால் ஐபிஏ (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) தொட்ட டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். டோம் போயிருந்தால் செத்த போர்டிலிருந்து ஒன்றை ட்வீசரால் எடுத்து, வளையத்துக்கு நேர் நடுவில் வைத்து, மேலே ஒட்ட வேண்டும். ஒரு முடி அளவு விலகினாலும் 'டக்' சப்பென்று ஆகிவிடும்; அது காதுக்குத் தெரிவதற்கு முன்பே விரலுக்குத் தெரியும்.

அடுத்த பாடம் கொஞ்சம் கடினம். ஒரு நாள் ஒரு செட்டில் 1, 4, 7, ஸ்டார் நான்கும் வேலை செய்யவில்லை. நான்கு டோமையும் மாற்ற உட்கார்ந்தவனை அண்ணன் நிறுத்தினார். நாலும் ஒரே நேரத்தில் சாகுமா? சாகாது. பன்னிரண்டு சாவிக்கும் தனித்தனியாக வயர் இழுத்தால் போர்டில் இடம் போதாது. அதனால் குறுக்கே நான்கு கோடு, நெடுக்கே மூன்று கோடு என்று ஏழே ஏழு லைனில் கீபேடை முடித்திருப்பார்கள். எந்தக் குறுக்குக் கோடும் எந்த நெடுக்குக் கோடும் சேர்ந்தன என்பதை வைத்துத்தான் ஐசி சாவியை அடையாளம் காணும். நெடுக்குக் கோடு ஒன்று அறுந்தால் அதில் உள்ள நான்கும் போகும். மீட்டரை பீப்பில் வைத்து, அறுந்த இடத்தைத் தேடி, மெல்லிய எனாமல் வயரில் ஜம்பர் அடித்தோம். நான்கும் உயிர்பெற்றன.

பிறகு டச் வந்தது. முதலில் எங்கள் கடைக்கு வந்தவை நோக்கியா 5233 மாதிரி செட்டுகள். இரண்டு அடுக்குக்கு நடுவே நூலிழை இடைவெளி. அமுக்கினால் அடுக்குகள் ஒட்டும். நகம், பேனா மூடி எதற்கும் அசையும். அப்புறம் வந்த கெபாசிட்டிவ் டச் வேறு ஜாதி. அமுக்கத் தேவையில்லை, விரல் பட்டாலே போதும். ஐபோன் 2007-இல் அறிமுகமானபோது ஸ்டீவ் ஜாப்ஸ் சொன்ன வாதம் இதுதான்: பிளாஸ்டிக் சாவி தேவைப்பட்டாலும் படாவிட்டாலும் இடத்தை அடைத்துக்கொண்டு அங்கேயே நிற்கும்; திரையில் வரைந்த சாவி வேண்டும்போது வந்துவிட்டுப் போகும். மறுபக்கம் பிளாக்பெர்ரி 2008-இல் ஸ்டார்ம் என்று ஒரு மாடல் விட்டது. கண்ணாடித் திரை முழுவதுமே ஒரு பட்டன்போல அமுங்கி 'டக்' என்னும். அந்த முயற்சி எடுபடவில்லை. மற்றவர்கள் குட்டி மோட்டாரை அதிரவைத்து விரலைச் சமாதானப்படுத்தினார்கள்.

என் கட்டைவிரல் வித்தை டச்சில் செல்லுபடியாகவில்லை. எல்லா இடமும் ஒரே வழவழப்பு. நல்ல கண்ணாடியும் செத்த கண்ணாடியும் விரலுக்கு ஒன்றுதான். "க எழுத்து மட்டும் விழலை" என்று ஒருவர் வந்தபோது எங்கே தொடங்குவது என்று எனக்குப் புரியவில்லை. அண்ணன் செட்டிங்ஸுக்குள் போய் டெவலப்பர் ஆப்ஷனில் பாயிண்டர் லொக்கேஷனை ஆன் செய்தார். விரல் போகும் வழியெல்லாம் திரையில் கோடு விழுந்தது. மேலிருந்து கீழாக மெதுவாக இழுத்தார். ஒரு பட்டையளவு இடத்தில் கோடு அறுந்து, தாண்டியதும் மறுபடி தொடர்ந்தது. பக்கத்தில் இழுத்தார், அதே உயரத்தில் மறுபடி அறுந்தது. "இது என்ன, சொல்லு" என்றார். குறுக்குக் கோடு ஒன்று செத்திருக்கிறது. கண்ணாடிக்குள்ளும் நெடுக்கும் குறுக்குமாகக் கோடுகள்தான், இண்டியம் டின் ஆக்சைடு என்ற கண்ணுக்குத் தெரியாத பூச்சில். விரல் வந்தால் அந்த இடத்தின் கெபாசிட்டன்ஸ் மாறும். ஐசி வரிசை வரிசையாகப் பார்த்து இடத்தைக் கணக்குப் போடும். பட்டன் போர்டில் ஜம்பர் அடித்த கைக்கு இது சட்டென்று பிடிபட்டது.

கண்டுபிடிப்பது இரண்டிலும் ஒன்றுபோலத்தான், சரிசெய்வது அப்படி இல்லை. அந்தப் பூச்சில் ஜம்பர் அடிக்க முடியாது. ஆரம்பத்தில் டச் கண்ணாடியை மட்டும் சூடுகாட்டிப் பிரித்து, யூவி பசை போட்டு, குமிழி விழாமல் வேறு ஒட்டினோம். இப்போது பெரும்பாலும் டச்சும் டிஸ்பிளேவும் சேர்ந்த காம்போவையே மாற்றுகிறோம். பட்டன் போனில் ஒரு எழுத்தைப் பழுதுபார்த்து டீ வடைக் காசு வாங்கலாம். டச்சில் ஒரு எழுத்துக்காக முழுத் திரையையும் விற்க வேண்டியிருக்கிறது. லாபம் இதில்தான் அதிகம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஆனாலும் டச்சைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது, தமிழ்தான் காரணம். பட்டனில் அச்சிட்ட எழுத்து அச்சிட்டதுதான். பார்சலில் தேவநாகரி எழுத்து போட்ட பேடு வந்தால் அதையே மாட்டிக் கொடுப்போம், வாங்குபவருக்கு இந்தி தெரியாவிட்டாலும். பன்னிரண்டு சாவிக்குள் உயிரையும் மெய்யையும் திணித்து ஒரு எழுத்துக்குப் பல அமுக்கு அமுக்க வேண்டும். மலேசியாவின் முத்து நெடுமாறன் 2005-இல் செல்லினம் என்ற செயலி மூலம் அந்தச் சின்ன சாவிகளிலேயே தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழிசெய்தார். திரை வந்தபின் சாவியையே தமிழாக வரைந்துகொள்ள முடிந்தது. தமிழ் 99 முறையில் பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஆய்தம் ஆக முப்பத்தொரு எழுத்தும் கண்முன் இருக்கும். ஐபோனில் 2013-இல் ஐஓஎஸ் 7-உடன் தமிழ் விசைப்பலகை சேர்ந்தே வந்தது. மகளுக்கு இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்துக்கொண்டிருந்த அம்மாக்கள் இன்று அப்படியே தமிழில் அனுப்புகிறார்கள். எந்த டோம் ஷீட்டாலும் இதைக் கொடுத்திருக்க முடியாது.

எல்லாக் கைக்கும் டச் ஒத்துவருவதுமில்லை. எங்களிடம் வரும் ஒரு கொத்தனாருக்குக் காய்ப்பு ஏறிய விரல்நுனியை டச் பல நேரம் கண்டுகொள்வதே இல்லை. கை ஈரமாக இருந்தால் தொடாத இடமெல்லாம் தானாகத் திறக்கும். அவருக்குப் பட்டன்தான். பஸ்ஸில் ஊதுபத்தி விற்கும் பார்வையற்ற ஒருவர் இரண்டும் வைத்திருக்கிறார். டச்சில் டாக்பேக் என்ற பேசும் வசதியைப் போட்டு, விரலை நகர்த்த நகர்த்தப் போன் எழுத்தைச் சொல்ல, வேண்டிய எழுத்தில் விரலை எடுத்து நன்றாகவே டைப் செய்வார். ஆனால் ஓடும் பஸ்ஸின் இரைச்சலில் அது காதில் விழாது. அப்போது பட்டன் போனை எடுப்பார். 5-இன் மேல் இருக்கும் சின்ன மேட்டைத் தொட்டால் மற்ற பதினொன்றும் எங்கே என்று விரலுக்குத் தெரியும்.

இப்போது கடையில் நான் மூத்தவன். புதிய போன் வாங்க வருகிறவர்கள், "பட்டன் வாங்கலாமா, டச் வாங்கலாமா?" என்று என்னைத்தான் கேட்கிறார்கள். விலை, கேமரா பேச்சுக்கு முன் நான் கேட்பது ஒன்றுதான்: "நம்பர் அடிக்கும்போது போனைப் பார்ப்பீங்களா, மாட்டீங்களா?" பார்க்க முடிந்தவர்களுக்குத் திரை எவ்வளவோ கொடுக்கும். ஒரு கையில் கரண்டியோ ஸ்டீயரிங்கோ கம்பியோ பிடித்திருப்பவர்களுக்கும், பார்வை மங்கியவர்களுக்கும் விரலே கண். பதில் கிடைத்தபின் எந்த அலமாரியைத் திறப்பது என்பதில் எனக்குக் குழப்பம் வருவதில்லை.